இல்லாத பாயிண்ட்டைத் தேய்த்தவர்

என் வீட்டுக்காரர் சவரிராயனிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதே வண்டி வைத்திருக்கிற மற்ற ஆம்பிளைகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கியது. என்னைப் பெண் பார்த்துவிட்டுக் கிளம்பியபோது அது கிளம்பவில்லை. என் அண்ணன்மார்தான் தெருக்கோடி வரைக்கும் தள்ளிவிட்டார்கள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அந்த வண்டியில் பாயிண்ட் என்று ஒன்று உண்டு. எஞ்சினின் பக்கத்தில் வட்டமாக ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே உளுந்து அளவில் இரண்டு முனைகள். எஞ்சின் சுற்றச் சுற்ற அவை ஒட்டி ஒட்டிப் பிரியும். பிரியும்போதெல்லாம் பிளக்கில் நெருப்புப் பொறி விழும். முனை கருகிவிட்டாலோ, இடைவெளி கொஞ்சம் கூடிக் குறைந்துவிட்டாலோ பொறி வராது, வண்டி நின்றுவிடும். உப்புத்தாளால் முனையைத் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்து, மறுபடி உதைக்க வேண்டும். தையல் மிஷினோடு மாரடிக்கிற எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். இத்தனை வருஷமாக அவர் தாமதமாக வந்த ஒவ்வொரு சாயங்காலமும் வாசலில் நின்று எனக்கு இந்தப் பாடத்தைத்தான் நடத்தியிருக்கிறார்.

சேதராப்பட்டில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவருக்கு ஸ்டோரில் வேலை. பகல் ஷிப்ட். பொழுது சாய்வதற்குள் வில்லியனூர் தாண்டி எங்கள் ஊருக்கு வந்துவிடலாம். ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தவக்காலம் பிறந்ததிலிருந்து மனுஷன் விளக்கு வைத்து வெகு நேரம் கழித்துத்தான் வந்துகொண்டிருந்தார்.

"இன்னாங்க இவ்ளோ நேரம்?"

"பாயிண்ட் கருகிடுச்சி செலினு. சுல்தான்பேட்ட தாண்டி நின்னுடுச்சி. தேச்சி, கேப் வெச்சி, வரதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சி."

கறுத்த விரல்களை நீட்டிக் காட்டுவார். நானும் சோப்பை எடுத்துக் கொடுப்பேன்.

முதலில் சாராயக்கடையோ என்று சந்தேகப்பட்டேன். பக்கத்தில் போய் நின்று மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. குடித்திருந்தால் திட்டிவிட்டுப் படுத்துத் தூங்கியிருப்பேன். வாசனை இல்லாததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. எங்கள் பெண் ஏஞ்சல் மேரிக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிற நேரம். ஈஸ்டர் முடிந்ததும் நிச்சயம் வைக்கலாம் என்று பேச்சு. இந்த நேரத்தில் அப்பன்காரன் ஏதாவது கூத்து பண்ணி வைத்தால் என் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகும்?

வில்லியனூருக்கு நூல் வாங்கப் போனபோது மெக்கானிக் அரிகரனின் கடையில் எட்டிப் பார்த்தேன். வண்டி வழியில் நின்றால் என் வீட்டுக்காரர் அவனுக்குத்தான் போன் போடுவார்.

"ஏம்பா, அந்த பாயிண்ட்ட மாத்தித் தொலையக்கூடாதா? தெனம் நிக்குதாமே."

"நிக்குதா?" என்றான் அரிகரன். "கிறிஸ்மஸுக்குத்தானேக்கா புதுசு போட்டேன். இந்த மாசம் அண்ணங்கிட்டேர்ந்து எனக்கு ஒரு போனும் வரலியே."

"அவரே தேச்சிக்கிறாராம்."

அரிகரன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான். அந்த மூடியின் திருகை இதுவரை கழற்றியவன் அவன் ஒருத்தன்தான் என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக எனக்குப் பாடம் நடத்திய வாத்தியார் பாடப்புத்தகத்தைத் திறந்ததே இல்லை.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் நழுவிவிடுவார். வண்டியில் பாயிண்ட் இருக்கிற வரைக்கும் அது கருகவில்லை என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? பாயிண்ட்டே இல்லாவிட்டால் என்ன சொல்வார், பார்க்கலாம் என்று எனக்குள் ஒரு குறும்பு முளைத்தது.

"பாயிண்ட்டுக்குப் பதிலா வேற ஏதோ வந்திருக்காமே?"

"எலக்ட்ரானிக்கு. அதுல ஒட்றதும் இல்ல, பிரியறதும் இல்ல. காந்தம் சுத்தும், சின்ன டப்பா ஒண்ணு பாத்துகிட்டே இருக்கும், கரெக்டா பொறி வுடும். கருவ ஒண்ணும் இல்ல, தேய ஒண்ணும் இல்ல. ஒரே ஒத, கெளம்பிடும்."

"சனிக்கெழம ஆயில் மாத்த வண்டிய வுடுவாரு. அப்போ மாட்டிடு. அவருக்குத் தெரியக்கூடாது."

"மூடியத் தொறந்தா தெரிஞ்சிடுமேக்கா."

"அவுரு எப்போ தொறந்தாரு?"

அரிகரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் மனைவிக்கு ஜாக்கெட் தைத்துத் தருவதாகப் பேசி முடித்தேன். சனிக்கிழமை வேலை நடந்தது. கழற்றிய பாயிண்ட்டைப் பேப்பரில் சுற்றி அவன் என்னிடம் ரகசியமாகக் கொடுத்தான். மிஷின் டிராயரில் பாபினோடு பாபினாகப் போட்டு வைத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் எப்போதும் போல இருட்டிய பிறகு வந்தார்.

"இன்னாங்க, பாயிண்ட்டா?"

"அத ஏன் கேக்கிற. இன்னிக்கு ரொம்ப மோசம்."

நான் உள்ளே போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். மறுநாள் கதை இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. உப்புத்தாள் தீர்ந்துவிட்டதாம், தீப்பெட்டியின் பக்கவாட்டில் தேய்த்தாராம். அதற்கடுத்த நாள் கேப் பார்க்கத் தகடு இல்லாமல் பஸ் டிக்கெட்டை மடித்து வைத்துப் பார்த்தாராம். வண்டியோ முன்பைவிட ஜோராக ஓடியது. காலையில் ஒரே உதையில் கிளம்பும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, எங்கை பட்டா வண்டி எப்டி கெளம்புது பாரு" என்பார். ஏதாவது சொல்லிவிடப் போகிறோம் என்று நான் உதட்டைக் கடித்துக்கொள்வேன்.

சொல்லவே கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பொய்களை நான் ரசிக்க ஆரம்பித்துவிட்டேன். கண் இமைக்காமல், குழந்தை முகத்தோடு, இல்லாத பொருளை எப்படித் தேய்த்தேன் என்று ஒரு ஆள் சொல்வதைக் கேட்பது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி படுத்தால், இவ்வளவு அழகாகப் பொய் சொல்கிற மனுஷன் எங்கேதான் போய்விட்டு வருகிறான் என்ற கேள்வி வந்துவிடும். சிரிப்பெல்லாம் அதோடு போய்விடும்.

பதில் தானாகவே என் மிஷினுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் ஊரில் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பாஸ்கா போடுவார்கள். ஏசுநாதரின் பாடுகளை நாடகமாக நடிப்பது. அதற்கு வேண்டிய அங்கிகளை நான்தான் தைப்பேன். கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார்தான் நாடகத்தை எழுதி நடத்துகிறவர். அவருடைய அண்ணன் மகன் ராஜேஷ் ஒரு பையோடு வந்து நின்றான்.

"அத்த, யூதாசுக்கு அங்கி தைக்கணுமாம். அளவுச் சட்ட குடுத்தனுப்பிச்சாரு சித்தப்பா. யாருதுன்னு எனக்கே தெரியாது."

யூதாஸ் யார் என்பதை மேடை ஏறும் வரைக்கும் உபதேசியார் யாரிடமும் சொல்லமாட்டார். அவனுக்கு மட்டும் ஒத்திகை தனியாக, ஆற்றோரம் தன் மோட்டார் கொட்டகையில்தான் நடத்துவார். சொன்னால் அந்த ஆளை வீட்டில் விடமாட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு தடவை யூதாஸாக நடித்தவன் அதற்கப்புறம் காலத்துக்கும் யூதாஸ்தான். கீழத்தெருவில் ஒருவர் என்றைக்கோ ஒரே ஒரு தடவை நடித்தார். அவர் மகன் இன்றைக்கு ஹெட்மாஸ்டர். ஆனால் கூரியர்காரன் வந்து கேட்டால், "யூதாஸ் வூடா, அதோ பச்ச கேட்டு" என்றுதான் வழி சொல்கிறார்கள்.

பையிலிருந்து சட்டையை எடுத்தேன். நீலக் கட்டம். இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல் இறக்கி வெட்டியது. அந்தத் தோள் அப்படித்தான் இறங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சட்டையைத் தைத்ததே நான்தான். சுல்தான்பேட்டைக்குப் பக்கத்தில் பாயிண்ட் தேய்த்துக்கொண்டிருந்தவர், உண்மையில் ஆற்றோரம் உபதேசியாரின் மோட்டார் கொட்டகையில் ஏசுநாதரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். தையல்காரியிடம் அவள் புருஷன் சட்டையையே அளவுக்கு அனுப்புகிற புத்தி எங்கள் உபதேசியாருக்குத்தான் வரும்.

வேறு பொம்பளை இல்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் அடுத்த நிமிஷமே போனது. பெண்ணைக் கொடுக்கிற நேரத்தில் என் வீடு யூதாஸ் வீடாகப் போகிறது. வருஷா வருஷம் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிற போர்ச்சேவகனாகவே நடித்த மனுஷனுக்கு வசனம் பேச ஆசை வந்தால், பேதுருவாகப் பேசக்கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருவதாக இருந்தது. அவர் போன பிறகு வைத்துக்கொள்கிறேன் என்று அங்கித் துணியை மடித்து வைத்தேன்.

மாப்பிள்ளை சகாய சுரேஷின் அப்பா இன்னாசிமுத்து, பாகூர் பக்கம் கரும்பு வைத்திருக்கிறவர். அவர் வந்து இறங்கியதைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. அதே கம்பெனி வண்டி, அதே வயசு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் மடித்த உப்புத்தாள் இருந்தது.

காப்பி ஆறுவதற்குள் இரண்டு பேரும் பெண்ணையும் மறந்தார்கள், மாப்பிள்ளையையும் மறந்தார்கள்.

"இப்பல்லாம் எல்லாரும் எலக்ட்ரானிக் மாட்டிக்கிறானுவ," என்றார் இன்னாசிமுத்து. "நல்லா ஓடுது, இல்லன்னு சொல்லல. ஆனா போச்சுன்னா போச்சு. சொல்லாம கொள்ளாம செத்துப்புடும். பாயிண்ட்டு அப்டி இல்ல. நிக்கறதுக்கு முன்னாடி இருமும், தும்மும், நமக்குச் சொல்லிட்டுத்தான் நிக்கும். ஒரு துண்டு உப்புத்தாள் இருந்தா எங்கேர்ந்தும் வூடு வந்துடலாம்."

"நான் தெனம் தேய்க்கிறேன்," என்றார் சவரிராயன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நேத்துகூட தேச்சேன். எங்கையால வெச்ச கேப்பு ஒரு மயிரு பிசகாது."

"அப்டியா? ஒங்க வண்டி ஒரே ஒதையில கெளம்புதுன்னு பொண்ணு சொல்லிச்சி. பாயிண்ட்டு வண்டி அப்டிக் கெளம்பி நான் பாத்ததில்ல. தொறங்க, அந்தக் கேப்ப நான் பாக்கணும்."

என் வீட்டுக்காரரின் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. பாயிண்ட் உள்ளேதானே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார் பாவம். என் முகம்தான் வெளுத்தது. நான் அவருக்குத் தோண்டிய பள்ளத்தில் என் பெண்ணின் கல்யாணமே விழப் போகிறது. "காப்பி ஆறிடும்ணே, இன்னொரு வாய் குடிச்சிட்டு" என்று இழுத்தேன். இன்னாசிமுத்து அதற்குள் திருப்புளியை எடுத்துக்கொண்டு வாசலில் குந்திவிட்டார்.

மூடி கழன்றது. உள்ளே கறுப்பாக ஒரு தகடும் இரண்டு ஒயரும் இருந்தன.

இன்னாசிமுத்து நிமிர்ந்து பார்த்தார். சவரிராயன் குனிந்து பார்த்தார். தெருவில் கறிவேப்பிலைக்காரி சைக்கிளை நிறுத்திவிட்டு அவளும் எட்டிப் பார்த்தாள்.

"நேத்து இன்னாத்தத் தேச்சிங்க?" என்று கேட்டார் இன்னாசிமுத்து, ரொம்ப நிதானமாக.

என் வீட்டுக்காரர் அந்தத் தகட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். கதவோரம் நின்ற ஏஞ்சல் மேரியின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டதை நான் பார்த்தேன். இனி எந்தப் பொய்யைச் சொன்னாலும் இந்த ஆள் அதைக் கழற்றிப் பார்த்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. உள்ளே போய் மிஷின் டிராயரிலிருந்து பாயிண்ட்டை எடுத்து வந்து காப்பி டம்ளர் பக்கத்தில் வைத்தேன்.

"இதாண்ணே பாயிண்ட்டு. மூணு வாரமா எங்கிட்ட கீது. அவுருக்குத் தெரியாம நான்தான் எலக்ட்ரானிக் மாட்டச் சொன்னேன். தெனம் தேய்க்கிறேன்னு அவுரு சொன்னதெல்லாம் பொய். எங்க போறாருன்னு கண்டுபிடிக்கத்தான் மாத்தினேன்."

"எங்க போறாரு?"

"ஒத்திகைக்குண்ணே. பாஸ்காவுல யூதாசா நடிக்கிறாரு. அங்கி நான்தான் தைக்கிறேன்."

சவரிராயன் திண்டாடிப் போய் வண்டியின் சீட்டில் சாய்ந்தார். அவருக்கு ஒரே நேரத்தில் எத்தனை விஷயம் தெரிய வந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு இரக்கமாக இருக்கிறது. அப்போது இரக்கமாக இல்லை.

இன்னாசிமுத்து மூடியைத் திருப்பி மாட்டினார். ஒவ்வொரு திருகாக, அவசரமே இல்லாமல். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு ஏசு?"

"ராஜேஷு. உபதேசியாரோட அண்ணன் மவன்."

"ஒங்க கோயில்ல பாடிக் கேட்டிருக்கேன், அந்தப் பையனுக்குக் கொரலே இல்லியே. அப்போ பாஸ்காவத் தூக்கி நிறுத்த வேண்டியது யூதாசுதான்." நாற்காலியில் உட்கார்ந்தார். "தங்கச்சி, யூதாஸ் வூடுன்னு கூப்புட்டா கூப்புடட்டும். அட்ரஸ் சொல்ல சுலபமாப் போச்சு. ஆனா சுமாரா நடிச்சிட்டு அந்தப் பேர வாங்கினா அது அசிங்கம். ஊரு சிரிக்கும். ஊரு சிரிக்கிற வூட்ல நான் பொண்ணு எடுக்கமாட்டேன். நான் வந்து மொதல் வரிசையில குந்தறேன். பாக்கிறவன் கோவத்துல எழுந்திரிக்கணும். அப்புறம் நிச்சயத்தப் பத்திப் பேசலாம்."

"கண்டிப்பா சம்பந்தி," என்றார் சவரிராயன்.

"இன்னும் ஆவல," என்றார் இன்னாசிமுத்து.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போட்டேன், பேச்சு போடவில்லை. மறுநாள் ஏஞ்சல் மேரி பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் லேப் வேலை முடிந்து வந்ததும் கூடத்தில் பாயை விரித்து, "நடிச்சிக் காட்டுப்பா" என்றாள். நடித்துக் காட்டினார். யூதாஸ் கண்ணை உருட்டினான், பல்லைக் கடித்தான், தொண்டை கிழியக் கத்தினான். இந்த ஆளைப் பார்த்தால் பச்சைக் குழந்தைகூடக் காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று சொல்லிவிடும். ஏசுநாதர் மட்டும் எப்படி ஏமாந்திருப்பார்?

நாடகத்தில் ஒரு இடம் வரும். கடைசி விருந்துக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள், யூதாஸ் மட்டும் தாமதமாக வருவான். 'ஏன் இவ்வளவு நேரம், யூதாஸ்?' என்று கேட்பார் ஏசு. 'வழியில் கூட்டம், குருவே. உங்கள் நினைவாகவே ஓடி வந்தேன்' என்று அவன் சொல்ல வேண்டும். உபதேசியார் எழுதிய வசனம். இவர் அதைக் கட்டப்பஞ்சாயத்துக்காரன் மாதிரி முழங்கினார்.

"நிறுத்துங்க," என்றேன். "எங்கிட்ட பாயிண்ட் கதைய எப்டி சொன்னிங்க?"

அவர் தலை குனிந்தார்.

"வெக்கமெல்லாம் அப்புறம் படலாம். வாசல்ல வந்து நின்னு எப்டி சொன்னிங்களோ அப்டியே சொல்லுங்க. கண்ண உருட்டாம, கொரல ஏத்தாம. உப்புத்தாள் தீந்துடுச்சின்னு சொன்னிங்களே, அந்த மூஞ்சி வேணும்."

அவரை வாசலுக்கு அனுப்பி, உள்ளே வரச் சொன்னேன். வந்து நின்று மெதுவாகச் சொன்னார். ஏஞ்சல் மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாஸ்கா வரைக்கும் எங்கள் வீட்டில் தினமும் இதுதான் வேலை. மனுஷன் அந்த நாட்களில் பொழுது சாய்வதற்கு முன்பே வந்துவிடுவார்.

பாஸ்கா அன்றைக்குக் கோயில் மைதானம் நிரம்பிவிட்டது. சொன்னபடியே முதல் வரிசையில் இன்னாசிமுத்து அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வரிசையில் நானும் ஏஞ்சலும். ராஜேஷுக்கு ஏசு வேஷம் பொருந்தியிருந்தது, குரல் மட்டும் மைக்கைத் தாண்டவில்லை. ஜனங்கள் வேர்க்கடலை வாங்கித் தின்ன ஆரம்பித்தார்கள். என் பெண்ணின் வாழ்க்கை ஒரு ஒட்டுத்தாடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

விருந்து மேஜை போட்டார்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். மஞ்சள் அங்கியில் ஒரு தோள் இறங்கிய உருவம் ஓரமாக வந்து நின்றது.

"ஏன் இவ்வளவு நேரம், யூதாஸ்?"

அவர் நெற்றியை மணிக்கட்டால் துடைத்துக்கொண்டார். கறுத்த விரல்களை அங்கியில் தேய்த்துக்கொண்டார். விரலில் கரி பூசியது அவருடைய சொந்த யோசனை. எங்கள் ஒத்திகையில் அது கிடையாது. பிறகு, களைத்துப்போய் வீடு திரும்பிய நல்லவனின் முகத்தோடு அந்தப் பொய்யைச் சொன்னார். ஏசுநாதர் நம்பிவிட்டார். தன் பக்கத்தில் இடம் ஒதுக்கி, அப்பத்தையும் எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கி இவர் சாப்பிடவும் செய்தார்.

மைதானத்தில் வேர்க்கடலைச் சத்தம் நின்றது. "பாவி, திங்கிறான் பாரு" என்று ஒரு பொம்பளை அழுகிற குரலில் சொன்னாள். எனக்கு அது நாடகம் என்பதே மறந்துவிட்டது. வாசலில் நின்று சோப்பை எடுத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. நான் எடுத்துப் போட்ட சோறு ஞாபகம் வந்தது. ரசித்தேன், சிரித்தேன் என்றெல்லாம் சொன்னேன் அல்லவா? அதற்கு அடியில் இவ்வளவு கோபம் கிடந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. முன்வரிசையில் யாரோ எழுந்தார்கள். ஒரு செருப்பு பறந்துபோய் யூதாஸின் மார்பில் பட்டது. அடுத்த நொடியே இன்னொன்று போய் இறங்கிய தோளில் விழுந்தது. கூட்டம் முழுக்க எழுந்து கத்தியது. உபதேசியார் பயந்துபோய்த் திரையை இழுத்துவிட்டு, மறுபடி திறக்க வெகு நேரம் பிடித்தது.

நாடகம் முடிந்து அவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். பாதித் தாடி பிய்ந்திருந்தது. கையில் இரண்டு செருப்புகள்.

"இது யாருதுங்க?" என்று பெரியதைத் தூக்கிக் காட்டினார்.

இன்னாசிமுத்து அண்ணன் எழுந்தார். ஒரு கால் வெறுங்கால்.

"என்னுதுதான். குடு. நிச்சயத்துக்கு நாள் கேக்க கோயில் சாமியார்கிட்ட போவணும். வெறுங்காலோட போனா நல்லாவா இருக்கும், சம்பந்தி?"

ஏஞ்சல் மேரி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் அவர் காலடியில் செருப்பை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கையில் மிச்சமிருந்தது சின்னச் செருப்பு, பழுப்பு வார். அதைப் புரட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் இடது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நான் யூதாஸ் மேலதான் வீசினேன்," என்றேன். "ஒங்க மேல இல்ல."

"ரெண்டு பேருக்கும் தோள் ஒண்ணுதாண்டி செலினு," என்றார்.

குனிந்து செருப்பை என் முன்னால் வைத்தார். நான் காலை நுழைத்துக்கொண்டேன்.